பட்டிமன்றத்துக்கு வந்த நகரம்

எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கத்தில் நான்தான் நிரந்தர நடுவர். படித்த படிப்புக்கும் பார்க்கும் வேலைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எனக்குத் தொண்டை பெரிது, வாய் அதைவிடப் பெரிது, மைக் சதி செய்தாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். அந்த ஒரு தகுதியில் இத்தனை வருஷம் ஓடிவிட்டது. சித்திரைக்கும் பொங்கலுக்கும் டப்ளினில் (அயர்லாந்து இல்லை, கலிபோர்னியாவில் இருக்கிற டப்ளின்) ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்துக் கூடுவோம். பாட்டு, நடனம், பட்டிமன்றம், சாப்பாடு. பட்டிமன்றத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் வைப்பதன் ரகசியம் எல்லோருக்கும் தெரியும்.

தலைப்புகளும் அரைத்த மாவுதான். மாமியாரா மருமகளா, சம்பாத்தியமா சந்தோஷமா, ஊருக்குத் திரும்புவதா இங்கேயே கிடப்பதா. இரண்டு அணியும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தும். கடைசியில் நான் எழுந்து, மாமியார் ஒரு கண், மருமகள் ஒரு கண், இதில் எந்தக் கண்ணைக் குத்திக்கொள்வது என்று கேட்பேன். கைதட்டல் கூரையைத் தொடும். ஜனம் பிரியாணி வரிசைக்கு ஓடும். யாருமே தோற்காத பட்டிமன்றம் என்பதால் எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு நல்ல பெயர், நல்ல காபி.

அந்த நல்ல பெயருக்கு ஒரு வருஷம் ஆபத்து வந்தது. வந்தது என் காரிலேயே, பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு.

அவள் சன்னிவேல் ஆபீசில் என் டீம். வீடும் டப்ளினில், எங்கள் தெருவுக்குப் பின்னால். காரில் இரண்டு பேர் இருந்தால் நெரிசலில்லாத கார்பூல் லேனில் போகலாம் என்ற பேராசையில்தான் முதலில் சேர்ந்தோம், சிநேகம் அப்புறம் வந்தது. மேற்காசியாவில் நதிக்கரையில் ஒரு பழைய நகரம் அவளுடைய ஊர். பெயரை எழுதாதே என்று சொல்லியிருக்கிறாள். பெயரைப் போட்டுத் தேடினால் இடிந்த படங்களாகத்தான் வருமாம், தன் ஊரை யாரும் அந்தக் கோலத்தில் பார்க்க வேண்டாமாம். சரி என்று விட்டுவிட்டேன்.

நானும் முஸ்லிம் என்று தெரிந்ததும், முதல் நாளே அவள் அரபியில் மடமடவென்று பொழிய ஆரம்பித்துவிட்டாள். நான் திருவாரூர் பக்கத்துக்காரி. ஐந்து வயதிலிருந்து அரபி ஓதுகிறேன், உச்சரிப்பில் ஒரு பிழை சொல்ல முடியாது, ஆனால் அந்த மொழியில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தெரியாது. இதைச் சொன்னதும் சந்தேகப்பட்டு ஓதிக் காட்டச் சொன்னாள். ஓதினேன். "டிவியில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி இருக்கிறாய், ஆனால் என்ன செய்தி என்று உனக்கே தெரியாது!" என்று ஃப்ரீவே முடிகிற வரைக்கும் சிரித்தாள். (அவள் பேசியது இங்கிலீஷில். இங்கே என் தமிழில் தருகிறேன்.) அவளுக்குச் சிரிப்பு என்றால் சிரிப்புதான், கார் கண்ணாடி அதிரும். என் வீட்டு இட்லியில் மாதுளம்பழப் பாகை ஊற்றித் தின்றுவிட்டு, இப்போதுதான் இது சாப்பாடு ஆயிற்று என்பாள். நோன்புக் கஞ்சியைக் குடித்துவிட்டு, எலுமிச்சை போதவில்லை என்று எனக்கே சொல்லிக்கொடுத்தாள். என் தங்கச்சிகூட என்னிடம் அவ்வளவு உரிமை எடுத்ததில்லை, எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அவளுடைய நகரத்தைத் தீவிரவாதிகள் பிடித்த கதையையும் அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "காலையில் ரேடியோவில் தலைவர் பேசினார். நிலைமை முழுக்கக் கட்டுக்குள் இருக்கிறது, மக்கள் வீட்டிலேயே இருங்கள் என்றார். நல்ல குரல் அவருக்கு. நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டே மூட்டை கட்டினோம். அப்பா மட்டும் கட்டவில்லை. அரசாங்கம் சொன்னால் அதில் ஏதாவது இருக்கும் என்றார்." அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். கடைசியில் அவரைக் கையைப் பிடித்து இழுத்துத்தான் காரில் ஏற்றினார்களாம். படைத் தளபதிகள் அதற்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தார்கள்.

இப்போது அவர் டெக்சாஸில் மகன் வீட்டில் இருக்கிறார். தினமும் காலையில், நாங்கள் காரில் போகும்போது அவருடைய போன் வரும். நலம் விசாரிப்பதற்கு முன்பே ஒரே கேள்வி. அரபி தெரியாத எனக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது: வழக்கு ஏதாவது நடக்கிறதா? நடக்கவில்லை. ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்து, பெரிய பெரிய தலைகளின் பெயரை எல்லாம் எழுதி அறிக்கை கொடுத்தது. அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்கள். "அப்பாவுக்குத் தண்டனைகூட வேண்டாம். யாராவது ஒருத்தர் நாற்காலியில் உட்கார்ந்து, இதற்கு இன்னார்தான் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொன்னால் போதும். ரேடியோவை நம்பியது தன் முட்டாள்தனம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்" என்றாள். இதைச் சொன்னபோது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

ஒரு நாள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் வண்டி ஓட்டுகிறேன், தள்ளு என்றேன். அந்த நல்ல குரல்காரர் மறுபடியும் தேர்தலில் நிற்கிறாராம். போஸ்டரில் பல் தெரியச் சிரித்தாராம். பேட்டியில் கேட்டதற்கு, துரதிர்ஷ்டவசமாக நகரம் விழுந்தது என்றாராம்.

"விழுந்ததாம்! தானாக விழுவதற்கு என் ஊர் என்ன பழுத்த பேரீச்சம்பழமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எங்கள் மொழியிலும் இந்தத் திருட்டு உண்டு என்றேன். தமிழ் வீடுகளில் யாரும் எதையும் உடைப்பதில்லை, அதுவாக உடைந்துபோகும். பால் பொங்கிடுச்சு. சாவி தொலைஞ்சுபோச்சு. கார்ல கோடு விழுந்துடுச்சு. என் மச்சான், அதாவது என் வீட்டுக்காரர், கல்யாணமான நாளிலிருந்து ஒரு பாத்திரத்தைக்கூடக் கீழே போட்டதில்லை, பாத்திரங்கள்தான் அவர் கையிலிருந்து விழுந்திருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் படித்த தன்வினை பிறவினையை எல்லாம் அவளுக்கு ஒப்பித்தேன். விழுந்தது என்றால் அதில் ஆள் இல்லை, விட்டார்கள் என்றால் ஆள் வந்துவிடுகிறார். அவளுக்கு ஒரே குஷி. தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டாள்.

"விழல, விட்டாங்க" என்றேன்.

"விலலே, வித்தாங்க."

அரபிக்காரி நாக்குக்கு 'ட்ட' வரவில்லை. நான் சிரித்து முடித்துவிட்டு, நீ சொன்னதற்கு 'விற்றுவிட்டார்கள்' என்று அர்த்தம் என்றேன்.  அவள், "திருத்தாதே. இதுதான் சரி" என்றாள்.

அந்தச் சூட்டோடுதான் சித்திரைக் கூட்டத்துக்குத் தலைப்பு அனுப்பினேன்: ஒரு நகரம் தீவிரவாதிகளிடம் வீழ்ந்தால் பொறுப்பு யாருக்கு, தலைவர்களுக்கா, களத்தில் நின்றவர்களுக்கா? அனுப்பிய கையோடு சங்கத் தலைவர் போன் பண்ணினார். கோயம்புத்தூர்க்காரர், இன்சூரன்ஸ் தொழில், எல்லோருக்கும் அங்கிள். யார் மனமும் நோகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருக்கு வேலை, பொழுதுபோக்கு, மதம் எல்லாம்.

"ஏனுங் அம்மிணி, பிரியாணி போடற எடத்துல எதுக்குங் குண்டு போடறீங்க?"

"மாமியார் மருமகளையே கேட்டுக் கேட்டு மாமியாருங்களே தூங்கிட்டாங்க அங்கிள்."

"அதுவும் செரிதானுங். ஆனா தீர்ப்பு மட்டும் வழக்கம்போல வெச்சுடுங். ரெண்டு கண்ணு. ஸ்பான்சர்ஸ் எல்லாம் முன் வரிசைல உக்காந்திருப்பாங். அரசியல் வந்துட்டா அடுத்த வருஷம் ஹாலே கெடைக்காதுங்."

"பாக்கலாம் அங்கிள்" என்றேன். தமிழில் 'பாக்கலாம்' என்றால் சரி என்றும் அர்த்தம், மாட்டேன் என்றும் அர்த்தம். எதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவளிடம் எதையும் மறைக்கவில்லை. நம்ம பட்டிமன்றத்தில் தீர்ப்பு என்றாலே இரண்டு பக்கமும் சரி என்பதுதான் என்றேன். "அப்படியென்றால் நடுவர் எதற்கு?" என்று கேட்டுவிட்டு, "பரவாயில்லை. என் ஊருக்காக இதுவரை ஒரு கோர்ட்டும் உட்காரவில்லை. உங்கள் காமெடிக் கோர்ட்டாவது உட்காரட்டும்" என்றாள். அப்பாவிடமும் சொல்லிவிட்டாளாம். கலிபோர்னியாவில் விசாரணை என்று அவர் கேட்டுக்கொண்டாராம். விசாரணைதான், முடிவில் சாப்பாடும் உண்டு என்றாளாம்.

கூட்டத்தன்று அவள் மரகதப் பச்சையில் வேலைப்பாடு செய்த அங்கி போட்டுக்கொண்டு வந்தாள். பட்டுப்புடவைகளுக்கு நடுவில் அவள்தான் கல்யாணப் பெண் போல இருந்தாள். வெளியூர் விருந்தாளி ஆயிற்றே என்று அங்கிளே அவளை இரண்டாம் வரிசையில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தார். மேடையிலிருந்து நான் பார்த்தபோது, ஞாபகம் இருக்கட்டும் என்பதுபோல் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

பெயர் சொல்லாமல் அவளுடைய ஊர்க் கதையை இரண்டு அணிக்கும் முன்பே கொடுத்திருந்தேன். களத்தில் நின்றவர்கள்மேல்தான் பழி என்று பேச வந்தவர் என் மச்சான். காசு சுண்டியதில் அந்தப் பக்கம் வந்து மாட்டிக்கொண்டார்.

"சபையோரே! தலைவர் இருந்தது தலைநகர்ல. சண்டை நடந்தது வேற ஊர்ல. நம்ம கம்பெனி ஷட்டில் பஸ் லேட்டா வந்தா யாரைத் திட்டுவீங்க, சிஇஓவையா ட்ரைவரையா? துப்பாக்கிய போட்டுட்டு ஓடுனவன் அங்க நின்னவன். அப்புறம் ஒண்ணு, பழியே எதுக்குங்கறேன். எங்க ஆபீஸ்ல சர்வர் டவுன் ஆனா மறுநாள் மீட்டிங் போடுவோம். அதுல யார் பேரையும் சொல்லக் கூடாது. பிளேம்லெஸ்! சர்வர் விழுந்தது, நாங்க கத்துக்கிட்டோம், டோனட் சாப்பிட்டோம், முடிஞ்சது!"

ஹாலில் பாதிப் பேர் அந்த மீட்டிங்கில் உட்கார்ந்தவர்கள். சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது.

எதிரணியில் பரமக்குடிப் பெண் ஒருத்தி. சர்வர் விழுந்தால் எழுந்து ஓடுகிற வேலை அவளுக்கு. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணே, அந்த சர்வர் விழுந்து அலாரம் கத்துனா எந்திரிக்கிறவ நானு. பிளேம்லெஸ்னு சொன்னது எனக்காக. பட்டனை மாத்தித் தட்டுன புள்ளையை வேலையை விட்டுத் தூக்காதீங்கன்னு சொல்றதுக்காக. பத்து ஆளு பாக்க வேண்டிய எடத்துல ஒத்த ஆளை நிப்பாட்டிட்டு, அலாரம் அடிக்குதுன்னு மெயில் போட்டா பதில் போடாம, எல்லாம் அண்டர் கன்ட்ரோல்னு அறிக்கை விடுற வைஸ் பிரசிடென்ட்டுக்காக இல்ல! அந்த ஊர்ல படை இருக்கு படை இருக்குன்னாங்க, முகாமுக்குள்ள போய்ப் பாத்தா ஆளே இல்ல. அதை யாரு பாத்திருக்கணும்? பதுங்குகுழில நின்னவனா?"

கைதட்டலில் நான் அடித்த மணிச் சத்தமே கேட்கவில்லை. பதில் சொல்லத் துடித்து எழுந்த என் மச்சான் கையில் இருந்த மைக், டமார் என்று தரையில் போய் விழுந்தது.

"ஸாரி, ஸாரி, மைக் விழுந்துடுச்சு" என்றார் அவர், பழக்க தோஷத்தில்.

எனக்குப் பொறுக்கவில்லை. "விழல மச்சான், விட்டீங்க!" என்றேன்.

ஹால் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு குரல், தெரிந்த ஒரே தமிழ் வாக்கியத்தைக் கண்டுகொண்ட ஆனந்தத்தில், "விலலே! வித்தாங்க!" என்று கூவியது. எல்லாத் தலையும் திரும்பியது. அங்கிள் பதறிப்போய், "ஆருங்மா வித்தா? எதைய வித்தா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, பிறகு இங்கிலீஷுக்கு மாறினார். அவள் அவர் பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். கொஞ்ச நேரம் சொன்னாள். அடுத்த பேச்சாளர் பேசி முடிக்கும் வரை அவர் மொழிபெயர்க்கவே இல்லை, அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

என் முறை வந்தது. கண் உவமை நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் ஜனம் சிரிக்கும், ஹால் அடுத்த வருஷமும் கிடைக்கும், எந்த வீட்டிலும் என் காபி குறையாது. அவள் முன்னால் நகர்ந்து சீட்டின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அங்கிளைப் பார்த்தேன். விரல் எதுவும் தூக்கவில்லை, கை மடியில் கிடந்தது. எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் யாரையும் தோற்கடித்ததில்லை, எப்படிச் செய்வது என்றே தெரியவில்லை.

"இந்த மன்றத்தில் இதுவரைக்கும் யாரும் தோற்றதில்லை" என்று ஆரம்பித்தேன். "இன்றைக்கு ஒரு அணி தோற்கிறது. ஓடியவன்மேல் தப்பே இல்லையா? இருக்கிறது. ஆனால் காவலுக்கு ஆள் போடாதவர்கள் தலைவர்கள். எச்சரிக்கை வந்தபோது காதைப் பொத்திக்கொண்டவர்கள் தலைவர்கள். ஜனங்கள் வீட்டுக்குள் இருக்கும்போதே, எல்லாம் சரியாக இருக்கிறது என்று ரேடியோவில் பொய் சொன்னவர்கள் தலைவர்கள். அதை நம்பி வீட்டில் இருந்தவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர்கள் முட்டாள்களும் இல்லை. அந்த நகரத்துக்குப் பொறுப்பு அதை ஆண்டவர்கள். இதில் இன்னொரு கண் கிடையாது. இதுதான் தீர்ப்பு."

சாப்பாட்டுக்கு எழுந்தவர்கள் பாதியில் நின்றார்கள். முதலில் கைதட்டியது என் மச்சான், தோற்ற அணியிலிருந்து. அவள் அங்கிளின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்றாள். யார் மனமும் நோகக் கூடாது என்று வாழ்ந்த அந்த மனுஷர் எழுந்து நின்றார். அவளுக்கு மட்டும் கேட்டால் போதும், ஆனால் ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "தி லீடர்ஸ். ஒன்லி தி லீடர்ஸ். கில்ட்டி!"

அவள் எழுந்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, கையை வாய் மேல் வைத்து, நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் எழுப்பினாள். குலவை! அவர்கள் ஊரில் கல்யாணத்துக்கும் பிள்ளை பிறப்புக்கும் போடுவார்களாம், எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் உடம்பு அப்படித்தான் சிலிர்த்திருக்கும். ஜனத்துக்கு என்ன செய்வதென்று புரியாமல் இருந்த அந்த இடைவெளியில், மேடையிலிருந்து பரமக்குடிப் பெண் வாயைத் திறந்து பதில் குலவை போட்டாள். எங்கேதான் இவ்வளவு காலம் அடக்கிவைத்திருந்தார்களோ, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று மூலைக்கு மூலை எழுந்தது. டெஸ்லா ஓட்டுகிற பெண்கள், ஸ்டாக் ஆப்ஷன் பேசுகிற பெண்கள், எல்லோரும் போட்டார்கள். எனக்குக் குலவை வராது. வரும் மட்டும் கத்தினேன். இங்கேயே பிறந்த பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு, "அம்மா, வாட் இஸ் ஹாப்பனிங்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிரியாணி வரிசையில் அவள் என்னை வந்து பிடித்தாள். கண் மையெல்லாம் கன்னத்தில் இருந்தது. போனில், வீடியோவில் அவளுடைய அப்பா, டெக்சாஸிலிருந்து, நன்றாகச் சீவிய வெள்ளை முடியும் கோட்டுமாக. விசாரணை என்பதால் கோட்டு போட்டிருந்தாராம். நீயே சொல் என்று போனை என் கையில் கொடுத்தாள். தட்டை அங்கிளிடம் கொடுத்துவிட்டு, தீர்ப்பை மறுபடி சொன்னேன். அவள் வரிக்கு வரி அரபியில் சொன்னாள். நம்பி வீட்டில் இருந்தவர்கள்மேல் குற்றமில்லை என்ற இடத்தில் அவர் கையைத் தூக்கி, திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னோம்.

அவர் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு மகளிடம் மெதுவாக ஏதோ கேட்டார். அவள் சிரிப்பை அடக்க முடியாமல், அழுகையையும் அடக்க முடியாமல் என்னைப் பார்த்தாள்.

"அவர்கள் அப்பீல் போகலாமா என்று கேட்கிறார்."

"முடியாதுன்னு சொல்லு" என்றேன்.